பாதி டேங்க்கில் நிற்கும் ஜோங்கா

மூன்றாவது முறையாக வண்டி நின்றது, வேலூர் பக்கம் கணியம்பாடியில் பிரிந்து அமிர்தி போகிற ரோட்டில், ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில். முதல் இரண்டு தடவை போலவேதான். எஞ்சினுக்கு மூச்சு முட்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் சத்தம் தானாக ஏறும், தானாக இறங்கும். கடைசியில் ஒரு குலுக்கல், அப்புறம் அமைதி. இறங்கிப் பானெட்டைத் தூக்கி, ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்ப்பை நாற்பது ஐம்பது தடவை அமுக்கினால் சோப்பு நுரை மாதிரி டீசல் பொங்கும். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கிச் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். நாலைந்து கிலோமீட்டர் நல்ல பிள்ளையாக ஓடும். பிறகு மறுபடி அதே கதை.

வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "மிலிட்டரி வண்டி இல்ல இது? இதுகூட நிக்குமா?" என்றார். அந்தக் கேள்வி என் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டது.

வண்டி ஜோங்கா. நிஸ்ஸான் பேட்ரோல் 60 வரிசையை உரிமம் வாங்கி ஜபல்பூரில் நம் ராணுவத்துக்காகச் செய்தது; 1969இல் தொடங்கி 1999 வரை வந்தது. ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரியேஜ் அசெம்ப்ளி என்பதன் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் கிடைப்பதுதான் அந்தப் பெயர். ஏதோ ஜப்பான் சொல் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறக்கும்போது இதன் வயிற்றில் இருந்தது 6 சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல் எஞ்சின். ராணுவம் கழித்த வண்டிகளை ஏலத்தில் எடுத்தவர்களுக்கு அந்த எஞ்சினுக்குத் தீனி போட்டு மாளவில்லை. ஆளாளுக்குக் கையில் கிடைத்த டீசல் எஞ்சினை உள்ளே இறக்கினார்கள். என் வண்டி ஒடுகத்தூர் பக்கம் ஒரு கல்குவாரியில் பல வருஷம் உழைத்தது. அவர்கள் இறக்கியது டாடா 407 எஞ்சின். நான் வாங்கிய சமயத்தில் நல்ல வேளையாக விலை இன்னும் ஏறியிருக்கவில்லை. 2019இல் தோனி ராஞ்சி வீட்டுக்கு ஒரு ஜோங்காவைக் கொண்டுவந்த பிறகு, துருப்பிடித்த பாடிக்குக்கூட ஆட்கள் சொல்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது என்சிசி கேம்ப்பில். எங்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு சக்திமான் ராணுவ லாரி வந்தது. பின்னால் தார்ப்பாய், இரண்டு பக்கமும் மரப் பெஞ்சு. மற்ற பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்; நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன். லாரிகளின் படபடப்பு அதில் இல்லை. காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. சக்திமான் ஜெர்மனியின் மான் கம்பெனி லாரியை உரிமம் வாங்கி இங்கே செய்தது. 1950களின் கடைசியிலிருந்து 1990கள் வரை நம் ராணுவத்தைச் சுமந்தது. சாதாரண டீசல் எஞ்சினில் நாசில் எண்ணெயைச் சூடான காற்றில் தூவும். எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்வதால் அந்தத் 'தட தட'. மான்காரர்கள் பிஸ்டன் தலையில் உருண்டையாக ஒரு குழி வைத்து, எண்ணெயைக் குழியின் சுவரில் தோசை மாவு மாதிரி படரவிட்டார்கள். கல்லின் சூட்டில் ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும். சத்தம் அடங்கும். அதோடு இன்ன எண்ணெய்தான் வேண்டும் என்ற அடமும் குறையும். டீசல் கிடைக்காத இடத்தில் மண்ணெண்ணெய், பெட்ரோல் கலந்து ஊற்றினாலும் சமாளிக்கும். அமெரிக்க ராணுவத்தின் எம்35 லாரிகளில் இருந்த பல எரிபொருள் எஞ்சினும் இதே மான் உரிமத்தில் பிறந்ததுதான். வியட்நாமில் ஓடியதும், எங்களை என்சிசி கேம்ப்புக்கு ஏற்றிப் போனதும் பங்காளிகள் என்றால், எனக்கு இன்றைக்கும் ஒரு சிலிர்ப்பு.

அப்புறம் ஓமனில் ஆறு வருஷம் வொர்க்‌ஷாப் வேலை. அங்கே லேண்ட் க்ரூசர் 70 வரிசை. அந்த 1எச்இசட் எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்பதால் சுருக்கமாக: 4164 சிசி, 6 சிலிண்டர், டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் மூளைப் பெட்டி கிடையாது. பாலைவனத்தின் நடுவில் நின்றால் ஒரு சின்ன டூல் பையோடு போய் ஓட்டிக்கொண்டு வரலாம். ஒரு நாள் யாரோ ஒரு பழைய யூனிமாக்கைக் கட்டி இழுத்துவந்தார்கள். சக்கரத்தின் அருகிலேயே கியர் வைத்து ஆக்சிலை மேலே தூக்கியிருப்பார்களே, அந்த ஜெர்மன் வண்டி. பானெட்டைத் தூக்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்தது கொணவட்டத்தில் நான் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்ட அதே எஞ்சின்! பென்ஸ் ஓஎம்352. நம் ஊர் லாரிகளில் டாடா 697 என்று வந்தது அதுவேதான். டாடாவும் பென்ஸும் 1954இல் கூட்டுச் சேர்ந்து 1969இல் பிரிந்தார்கள். பிரிந்த பிறகும் ரத்தம் ஒன்றுதான். 697 என்ற எண்ணையே பிரித்துப் பாருங்கள்: 6 சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 97 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய 692 என்றால் 92 மில்லிமீட்டர். 407இல் இருக்கும் 497 என்றால் 4 சிலிண்டர், அதே 97. மகிந்திரா எம்எம்540 ஜீப்பில் வந்த பிரெஞ்சு பீஜோ எஞ்சினும் அப்படித்தான்: எக்ஸ்டிபி 4.90, 4 சிலிண்டர், 90 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடுகிற நீளம் 83ஐப் போட்டுக் கணக்குப் பாருங்கள், 2112 சிசி சரியாக வரும். எஞ்சின் தன் அளவைத் தன் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்ட காலம் அது. இப்போது பேட்ஜில் இருப்பதெல்லாம் வெறும் எழுத்துக் கூட்டம்.

சரி, நின்ற வண்டிக்கு வருவோம்.

நுரை வருகிறது என்றால் காற்று உள்ளே போகிறது. டேங்க்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீடு பம்ப் வரை இருப்பது உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஃபீடு பம்ப்பைத் தாண்டினால் தள்ளுகிற பக்கம். அங்கே ஓட்டை என்றால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். இதை என்னிடம் வேலைக்கு வந்த எத்தனையோ பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தெரிந்தவன் வண்டி என்பதாலேயே இது என்னை அலைக்கழித்தது என்று நினைக்கிறேன்.

முதல் ஞாயிறு: ஃபில்டர் இரண்டும் புதுசு, ஃபில்டர் கிண்ணத்து ரப்பர் புதுசு, டீசல் குழாய்களின் முனையைப் பிடிக்கும் பேஞ்சோ போல்ட்டுகளின் காப்பர் வாஷர்கள் எல்லாம் கழற்றல். காப்பர் வாஷரை ஒரு தடவை இறுக்கினால் அது கெட்டிப்பட்டுவிடும். மறுபடி போட்டால் சரியாகப் படியாது. புதுசு வாங்குவது உத்தமம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடை ஏது? கேஸ் அடுப்பில் கம்பியில் கோத்துச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். இரும்பு இப்படிச் செய்தால் கெட்டிப்படும், செம்பு நேர்மாறு. டீ போடுகிற பர்னரில் இந்த வேலையைச் செய்ததற்கு வீட்டில் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுதவில்லை. மாட்டி முடித்து, டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஊசூர் வரை ஒரு சுற்று. அருமையாக ஓடியது. இரண்டு வாரம் கழித்துப் பொய்கைச் சந்தை அன்று, அத்தனை மாட்டு வண்டிக்கும் டெம்போவுக்கும் நடுவில் நின்றது.

அடுத்து ஃபீடு பம்ப். அதற்குள் சின்னதாக இரண்டு வால்வு, ஸ்பிரிங்கோடு. ஒரு வால்வின் முகத்தில் கோடு விழுந்திருந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் நீர்ப்பேப்பர் வைத்துத் தேய்த்துச் சமன் செய்தேன். கைப் பம்ப்பின் ரப்பர் வளையமும் மாற்றினேன். டேங்க் நிரப்பல், சோதனை ஓட்டம், திருப்தி. பத்து நாளில் மறுபடி நுரை.

மூன்றாம் ஞாயிறு கொஞ்சம் புத்தியோடு வேலை பார்த்ததாக நினைத்துக்கொண்டேன். ஃபீடு பம்ப்புக்கு முன்னால் ஒரு ஜாண் நீளத்துக்குக் கண்ணாடி ஹோஸ் போட்டேன். எஞ்சின் ஓடும்போது குமிழ் குமிழாகக் காற்று போவது தெரிந்தது. அப்படியென்றால் கோளாறு பம்ப்புக்கு முன்னால், டேங்க் பக்கம். டேங்க்கிலிருந்து வரும் லைன் முழுதும் சோப்புத் தண்ணீர் தடவி, டேங்க் வாயைப் பழைய டியூபால் அடைத்து, சைக்கிள் பம்ப்பால் மெல்ல, ரொம்ப மெல்ல, காற்றடித்தேன். உறிஞ்சுகிற ஓட்டை இப்போது ஊதுகிற ஓட்டையாக மாறிக் காட்டிக்கொடுக்க வேண்டும். வேகமாக அடித்தால் பழைய டேங்க் உப்பி மடிப்பு விட்டுவிடும், ஜாக்கிரதை. ஒரு குமிழ்கூட வரவில்லை. லைனில் எங்கேயும் ஓட்டை இல்லை. ஆனால் காற்று வருகிறது. எங்கிருந்து?

கொணவட்டத்தில் டீசல் பம்ப் வேலை பார்க்கும் பாயிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கையால் சரியான பம்ப்புகள் எத்தனையோ. கண்ணாடி ஹோஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பம்ப்ப எறக்கிடலாம் தம்பி. உள்ள எலிமென்ட் தேஞ்சிருக்கும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. குமிழ் வருவது பம்ப்புக்கு முன்னால். பம்ப்பை இறக்கி என்ன ஆகப்போகிறது? சொல்லவும் முடியவில்லை. "அடுத்த வாரம் கொண்டாறேன் பாய்" என்று நழுவி வந்தேன்.

வழியில் சித்தப்பா வீடு. அவர் இருப்பது கம்மவான்பேட்டையில். வீட்டுக்கு வீடு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே சுற்று வட்டாரத்தில் சொல்வார்கள். இந்தப் பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் கல் பதித்திருக்கிறது. சித்தப்பா ராணுவத்தின் ரிப்பேர் பிரிவான இஎம்இயில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவருக்கு என் ஜோங்கா மேல் ஒரு வருத்தம்: குவாரிக்காரர்கள் பின்பக்கத்து கான்வாய் விளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். ராத்திரி ஹெட்லைட் போடாமல் வரிசையாகப் போகும்போது, பின் ஆக்சில் உருண்டையில் வெள்ளைப் பெயின்ட் அடித்து அதன் மேல் ஒரு சின்ன விளக்கு மட்டும் விழும். பின்னால் வருகிறவன் அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தே ஓட்டுவான். மேலே இருந்து பார்க்கிற விமானத்துக்கு ஒன்றும் தெரியாது. என் வண்டியில் அந்த வெள்ளை இன்னும் திட்டுத் திட்டாக மிச்சமிருக்கிறது. வரும்போதெல்லாம் குனிந்து அதை ஒரு தடவை பார்ப்பார்.

மோர் குடித்துக்கொண்டே கதை முழுக்கக் கேட்டார். ஒரே கேள்விதான் கேட்டார்.

"டேங்க் ஃபுல்லா இருந்தப்ப எப்பனா நின்னுக்குதா?"

நான் யோசித்தேன். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி யோசித்தேன். "இல்ல சித்தப்பா."

"நீ ஒவ்வொரு வாட்டியும் ரிப்பேர் பண்ணிட்டு இன்னா பண்ணுவ?"

"டேங்க்க ரொப்பிக்கினு..."

முடிக்கவே இல்லை. அவர் எழுந்து கொட்டகைக்குள் போய் ஒரு ஜெர்ரி கேனை எடுத்துவந்து வாசலில் வைத்தார். அவ்வளவுதான். காப்பர் வாஷர், வால்வு, ரப்பர் என்று நான் எதை மாற்றினாலும் அது வேலை செய்வதாகத் தெரிந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: சோதனை ஓட்டத்துக்கு முன்னால் நான் ஊற்றிய டீசல்.

அந்த ஜெர்ரி கேனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 1930களில் ஜெர்மன் ராணுவம் போட்ட டிசைன், 20 லிட்டர். ஜெர்மன்காரர்களை 'ஜெர்ரி' என்று கேலியாகச் சொன்ன பிரிட்டிஷ்காரர்கள், தங்கள் ஒழுகும் தகர டின்னைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை அப்படியே நகல் எடுத்தார்கள். மேலே மூன்று கைப்பிடி ஏன் என்று யோசித்ததுண்டா? நடுப்பிடியைப் பிடித்து ஒருவர் தூக்கலாம். ஓரப்பிடிகளைப் பிடித்து இரண்டு பேர் தூக்கலாம். காலிக் கேன்கள் என்றால் ஓரப்பிடிகளைச் சேர்த்து ஒரே கையில் இரண்டு தூக்கலாம். பக்கவாட்டில் பெருக்கல் குறி மாதிரி அமுக்கியிருப்பது அழகுக்கு இல்லை. வெயிலில் எண்ணெய் விரியும்போது தகடும் கொஞ்சம் விரிந்து கொடுக்க. வேலூர் வெயிலில் அதன் அருமை தெரியும். புனல் வேண்டாம், மூடியைத் திறக்க ஸ்பேனர் வேண்டாம். வண்டி கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் இதை எதிரில் வைத்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கேனில் பத்து லிட்டர் டீசல். ஃபீடு பம்ப்புக்குப் போகிற ஹோஸை டேங்க் லைனிலிருந்து கழற்றி, நீளமான ஹோஸ் கோத்துக் கேனுக்குள் விட்டோம். மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுவருகிற ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள். வாயைத் துணியால் சுற்றிக் கட்டி, இடது பக்க சீட்டின் கீழே வைத்து, சித்தப்பா அதைக் கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டார். பெட்ரோல் வண்டியில் இந்த வேலையைக் கனவிலும் செய்யாதீர்கள். டேங்க்கில் கால்பாகம்தான் இருந்தது. அது இப்போது கணக்கிலேயே இல்லை. அமிர்தி ரோட்டில், அதே ஏற்றத்தில், இரண்டாம் கியரில் ஏற்றினேன். கண்ணாடி ஹோஸில் ஒரு குமிழ் இல்லை. மேலே போய்த் திரும்பி வந்து, இன்னொரு தடவையும் ஏறினோம். ஆடு மேய்க்கிற பெரியவரைத் தேடினேன், அன்றைக்கென்று அவர் இல்லை.

நான்காம் ஞாயிறு டேங்க் மேல் இருக்கும் தட்டைக் கழற்றினேன். டீசல் எஞ்சின் மாற்றியவர்கள் பெட்ரோல் காலத்துச் சின்னக் குழாய் போதாது என்று, தட்டில் புதிதாக ஒரு காப்பர் குழாயைப் பற்றவைத்து உள்ளே இறக்கியிருந்தார்கள். நீளம் போதவில்லை போல. நடுவில் ஒரு ஸ்லீவ் போட்டு இன்னொரு துண்டை ஒட்டியிருந்தார்கள். அந்த ஸ்லீவின் விளிம்பில், குழாயைச் சுற்றி முக்கால் வட்டத்துக்கு, மயிரிழை மாதிரி ஒரு விரிசல். டேங்க்கின் சரிபாதி உயரத்தில். பிடிப்பு இல்லாமல் தொங்குகிற குழாய், குவாரி ரோட்டில் வருஷக்கணக்காக ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆட ஆடச் செம்பு கெட்டிப்படும், கெட்டிப்பட்டால் வெடிக்கும். முதல் ஞாயிறன்று இதே விஷயத்துக்காகத்தான் வாஷர்களைக் கேஸ் அடுப்பில் காய்ச்சினேன்!

டீசல் அந்த விரிசலுக்கு மேலே இருக்கும்வரை அது டீசலைத்தான் உறிஞ்சும், யாருக்கும் தெரியாது. கீழே இறங்கினதும் காற்றை உறிஞ்சும். மேடு ஏறும்போது டீசல் பின்னால் ஒதுங்குவதால் இன்னும் சீக்கிரம். என் சைக்கிள் பம்ப் சோதனை ஏன் தோற்றது என்பதும் புரிந்தது. விரிசலுக்கு உள்ளேயும் டேங்க், வெளியேயும் டேங்க். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்றால் குமிழ் எங்கே வரும்?

சரிசெய்தது ரொம்பச் சுலபம். செம்பு வேண்டாம் என்று முடிவு செய்து 8 எம்எம் ஸ்டீல் குழாய் ஒரே நீளமாக வாங்கினேன். கீழ்முனையைச் சாய்வாக வெட்டினேன், தட்டையாக இருந்தால் அடியில் படிந்த கசடோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே நிற்கிற மாதிரி அளவு. பாதி உயரத்தில் குழாய் ஆடாமலிருக்கத் தட்டிலிருந்தே ஒரு பட்டைத் தகடு இறக்கித் தாங்கல் கொடுத்தேன். ரிட்டர்ன் குழாய் முன்பு உறிஞ்சுகிற குழாயை ஒட்டியே விழுந்துகொண்டிருந்தது; நுரையோடு திரும்புகிற டீசலை உடனே மறுபடி உறிஞ்ச வைக்கும் ஏற்பாடு. அதைத் தள்ளி எதிர் மூலைக்குத் திருப்பிவிட்டேன். பற்றவைப்பு எல்லாம் தட்டைத் தனியாக எடுத்துப் பட்டறையில் வைத்துச் செய்தது. டேங்க் பக்கம் தீயே போகவில்லை. ஒரு காலத்தில் பெட்ரோல் குடித்த டேங்க், எத்தனை வருஷம் ஆனாலும் அதை நான் நம்புவதில்லை. உள்ளே கைவிட்டுத் துருவும் கசடும் துடைத்து எடுத்தது மட்டும் அரை பக்கெட் இருக்கும்.

பாயிடம் போய் விரிசல் விழுந்த குழாயைக் காட்டினேன். ஒளிக்கெதிரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த எனக்குக் குடு தம்பி, பசங்களுக்குக் காட்டணும்" என்று ஆணியில் மாட்டிவிட்டார். அவர் கேட்ட விதத்தில் எனக்கு நழுவி வந்த குற்ற உணர்ச்சி போயே போய்விட்டது. இதில் ராணுவத்தின் வேலை எதுவும் கெட்டிருக்கவில்லை என்பதைக் கவனித்தேன். கெட்டது நாங்கள் இங்கே சேர்த்த ஒன்றரை அடிக் குழாய். சித்தப்பாவிடம் இதைச் சொன்னதும், "ஜபல்பூர்ல இருக்கறவன் ஒட்டுப் போட்டிருப்பானா?" என்று ஒரு பெருமிதச் சிரிப்பு.

அதற்குப் பிறகு வேண்டுமென்றே கால் டேங்க்கோடு அமிர்தி வரை இரண்டு தடவை, ஏலகிரிக்கு ஒரு தடவை போய்வந்தேன். நிற்கவில்லை. ஒரே ஒரு குறை. நான் வைத்த தாங்கல் பட்டையில் மிதவையின் கை இடிக்கிறது. டேங்க்கில் எவ்வளவு டீசல் குறைந்தாலும் மீட்டர் முள் பாதிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. தட்டை மறுபடி கழற்றச் சோம்பலாக இருப்பதால், சித்தப்பா ஒரு மூங்கில் குச்சியில் ஐந்து ஐந்து லிட்டராகக் கோடு கீறிக் கொடுத்திருக்கிறார். இப்போதைக்கு அதைத்தான் விட்டுப் பார்க்கிறேன்.